சிக்கன நடவடிக்கையும் நமது கல்லாவும்



நம்மவர் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இரண்டு வாசகங்களில்தான் வந்து முடியும். ஒன்று, "வரி தாங்க முடியவில்லை, குறைக்க வேண்டும்." மற்றொன்று, "இலவசங்களை நிறுத்த வேண்டும், நாம் கட்டும் வரியைத்தான் வாரி இறைக்கிறார்கள்." இரண்டையும் சேர்த்து ஒரே தீர்மானமாகப் போட்டு அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று எங்கள் வட்டாரத்து இளைய உறுப்பினர்கள் சிலர் வற்புறுத்தி வருகிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் இதற்கு முன் அரசுகள் கையை இறுக்கியபோதெல்லாம் நமது கல்லாவில் என்ன நடந்தது என்பதை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத் தீர்மானம் போடுவது நல்லது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்களுக்குக் கொடுப்பதை வெட்டி, அந்தப் பணத்தைக் கொண்டு வியாபாரியின் வரியைக் குறைத்த அரசு என்று காட்ட எனக்கு ஒரு உதாரணமும் அகப்படவில்லை. வெட்டும் வரியும் சேர்ந்தே வந்திருக்கின்றன. நாம் இரண்டு பக்கமும் இழந்திருக்கிறோம்.

விற்பனை வரி பிறந்த கதை

நமது முன்னோர்கள் காலத்தில் விற்பனை வரி என்று ஒன்று கிடையாது. 1937-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பா மாவட்டங்களுக்கும் விரிந்தது. அப்போது திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்ததால் எங்கள் ஊரும் அதில் அடங்கியது. கள்ளுக்கடை, சாராயக்கடைக் குத்தகைப் பணம் அரசு வருமானத்தில் பெரும் பங்காக இருந்த காலம் அது. அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? அதற்குக் கண்டுபிடித்த வழிதான் 1939-ம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவிலேயே பொது விற்பனை வரி முதன் முதலாக நம் மாகாணத்தில்தான் வந்தது. ஆண்டு விற்பனை 20,000 ரூபாய்க்கு மேற்பட்டவர்களுக்கு நூற்றுக்கு அரை ரூபாய். வியாபாரிகள் எதிர்த்தார்கள். மது வருமானத்துக்கு ஈடாக வரும் ஏற்பாடுதானே, நல்ல காரியத்துக்குத்தானே என்று சமாதானம் சொல்லப்பட்டது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. இடையில் திரும்ப வந்து, 1981-ல் மறுபடியும் போயிற்று. 1983-ல் டாஸ்மாக் தோன்றி, 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனையையும் அதுவே எடுத்துக்கொண்டது. மதுவிலக்கு போய்விட்டது. அதற்கு ஈடாக வந்த வரி போகவில்லை! 1959-ல் புதுச் சட்டமாகி, 2007 ஜனவரி 1-ல் மதிப்புக்கூட்டு வரியாகி, 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி.யில் கலந்து, அரை ரூபாயாக இருந்தது வளர்ந்து நிற்கிறது. காரணம் மறைந்தாலும் வரி மறைவதில்லை. "இலவசம் நின்றால் வரி குறையும்" என்று நம்புகிற இளைஞர்கள் இந்தக் கதையை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

எல்லைக்கு இரண்டு பக்கமும்

எங்கள் ஊருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போய், ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, படாஸ்கர் ஏற்பாட்டின்படி 1960 ஏப்ரல் 1-ந் தேதி இந்தப் பக்கம் திரும்பியது. கோடு இந்தப் பக்கம் வந்தாலும் வியாபாரம் கோட்டைப் பார்ப்பதில்லை. நகரி, புத்தூர் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் இங்கே சரக்கு எடுப்பார்கள். குண்டூர் மிளகாய் அங்கிருந்து இங்கே வரும். ஆகவே ஒரு அரசு செய்வதை மட்டுமல்ல, இரண்டு அரசுகள் செய்வதையும் எங்கள் கடன் நோட்டில் பார்த்துவிடலாம்.

ஆந்திராவில் 1983-ல் என்.டி. ராமாராவ் கிலோ அரிசி 2 ரூபாய் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1994 டிசம்பரில் மீண்டும் வென்று வந்தவர், 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கையும் கொண்டுவந்தார். அந்த ஆண்டே ஆட்சி சந்திரபாபு நாயுடு கைக்கு மாறியது. 1996-ல் நிதி நிலைமை பற்றி வெள்ளை அறிக்கை வந்தது. 2 ரூபாய் அரிசி 3 ரூபாய் 50 காசானது, மின் கட்டணம் ஏறியது, 1997-ல் மதுவிலக்கு தளர்ந்தது. 2000-ம் ஆண்டு மின் கட்டணம் மறுபடி உயர்ந்தபோது ஐதராபாத் பஷீர்பாக்கில் ஆகஸ்ட் 28-ந் தேதி ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. உலக வங்கி கடன் கொடுத்துப் பாராட்டிய ஆட்சி அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐதராபாத் வளர்ந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் நகரிக் கடைக்காரருக்கு ஐதராபாத்தின் கண்ணாடிக் கட்டடங்களால் ஒரு மூட்டை பருப்பு கூட அதிகம் ஓடவில்லை.

நம் பக்கம் 2001 மே மாதம் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்தார். ஆகஸ்டில் நிதியமைச்சர் சி. பொன்னையன் வெள்ளை அறிக்கை வைத்தார். கஜானா காலி என்றார்கள். வெள்ளை அறிக்கை வைக்கிறவர் எப்போதும் புதிதாக வந்தவராகவே இருப்பதால், அதில் பாதியை அரசியல் என்று கழித்துக்கொள்ளலாம். மீதிப் பாதி உண்மைதான். வரி வருமானத்தின் பெரும் பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் வட்டிக்கும் போய்க்கொண்டிருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

பஸ் கட்டணமும் பால் விலையும் உயர்ந்தன. மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட குடும்பங்களின் ரேஷன் அட்டை 'எச்' அட்டை ஆனது. பெயர் கௌரவ அட்டை. கையில் வைத்துக்கொள்ளலாம், பொருள் கிடையாது. விவசாயிகளின் இலவச மின்சாரத்துக்கு 2003-ல் கட்டணம் வந்தது. அரசு ஊழியர் சலுகைகள் குறைந்தன. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானது. ஜூலை 2-ந் தேதி ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டெஸ்மா சட்டத்தின் கீழ் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் வேலையை இழந்தார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு பெரும்பாலோர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டனர். அதே வழக்கில், ஆகஸ்ட் 6-ந் தேதி தீர்ப்பில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று அந்த நீதிமன்றம் சொன்னது.

அந்த வேலைநிறுத்தத்தின்போது நம்மவரில் பலர் மகிழ்ந்தார்கள் என்பதை நான் நேரில் கேட்டவன். "அலுவலகத்தில் நம்மை அலையவிட்டவர்களுக்கு இது வேண்டும்" என்றார்கள். அந்த மகிழ்ச்சி ஆகஸ்ட் முதல் வாரம் வரைக்கும்தான். ஆசிரியர் வீடு, தாலுகா ஆபீஸ் சிப்பந்தி வீடு, மின்வாரியக் குடும்பம் என்று மாதச் சம்பளக்காரர் கணக்குகள் நம் கடன் நோட்டின் முதுகெலும்பு. ஒன்றாம் தேதி வாங்கி ஐந்தாம் தேதிக்குள் அடைப்பவர்கள் அவர்கள்தான். அந்த மாதம் எங்களிடம் சரக்கு எடுத்த சில்லறைக் கடைக்காரர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். "சார் வீட்டுக் கணக்கு நிக்குது அண்ணாச்சி, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பதே எல்லார் வாயிலும். எங்கள் நிலுவையும் ஏறியது. நாங்கள் சென்னைக் கொத்தவால் சாவடிக்காரர்களுக்குக் கட்ட வேண்டியதும் தள்ளிப்போயிற்று.

வெட்டினால் வரி குறையும் என்பவர்களுக்கு இதே ஆண்டுகளில் பதில் இருக்கிறது. 2002 ஜூலையில் மறுவிற்பனை வரி என்று 1 சதவீதம் வந்தது. ஏற்கெனவே முதல் விற்பனையில் வரி கட்டிய சரக்கைத் திரும்ப விற்கும்போது இன்னொரு வரி. ரேஷன் வெட்டு, சம்பள வெட்டு, அதோடு நமக்கு ஒரு புது வரி. இதுதான் நம் காலத்தில் நடந்த சிக்கனம்.

அரசின் நோக்கம் நிறைவேறவில்லை என்று சொல்ல மாட்டேன். 2003-ல் நிதிப் பொறுப்புச் சட்டம் வந்தது. 2005-06-ல் வருவாய்க் கணக்கு உபரியைத் தொட்டது. ஆனால் அதற்குள் மக்கள் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். 2004 மே மாதத்தில் அந்த ஒரு வாரத்தை எல்லையோரத்தில் இருந்த எவரும் மறக்க முடியாது. 11-ந் தேதி ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு ஆட்சி போனது. 13-ந் தேதி தமிழகத்தின் 39 நாடாளுமன்றத் தொகுதிகளிலும் ஆளுங்கட்சி தோற்றது. 14-ந் தேதி ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி பதவியேற்ற கையோடு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் என்று கையெழுத்திட்டார். 18-ந் தேதி சென்னையில் 'எச்' அட்டை ரத்து, இலவச மின்சாரம் மறுபடி, ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் வாபஸ் என்று வரிசையாக அறிவிப்புகள் வந்தன. கூட்டணிக் கணக்கு, அந்த ஆண்டுகளின் வறட்சி என்று தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் மூன்று ஆண்டு வெட்டு ஒரே அறிவிப்பில் திரும்பிப் போனது. வெட்டு திரும்பியதே தவிர, பஸ் கட்டணம் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

கடல் தாண்டி

கொழும்புப் புறக்கோட்டையில் நம் நாட்டு வியாபாரிகள் கடை வைத்திருந்த காலத்தில் நடந்ததையும் பார்க்கலாம். 1953 ஜூலையில் இலங்கை அரசு பங்கீட்டு அரிசியின் மானியத்தை வெட்டியது. அளவு 25 சதமாக இருந்தது ஒரே நாளில் 70 சதம். அப்போது நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தனா. அதோடு விட்டார்களா? ரயில் கட்டணம், தபால் கட்டணம் உயர்ந்தன. பள்ளிப் பிள்ளைகளின் இலவச உணவும் நின்றது. ஆகஸ்ட் 12-ந் தேதி நாடு முழுவதும் ஹர்த்தால். கடைகள் அடைப்பு, ரயில் மறியல், துப்பாக்கிச் சூடு. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க ராஜினாமா செய்தார்.

அதே நாடு 2019 டிசம்பரில் எதிர்த் திசையில் ஓடிப் பார்த்தது. மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினார்கள். வரிப் பதிவுக்கான வரம்பையும் பல மடங்கு உயர்த்தினார்கள். வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம். அடுத்த ஆண்டு கொரோனா வந்து சுற்றுலாப் பயணிகளும் நின்றார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கையை விரித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் விலைவாசி ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட ஏறக்குறைய 70 சதவீதம் அதிகம். எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற சனங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கடைசியில் அந்த வரி 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 சதவீதம் ஆனது. எட்டாகக் குறைத்தபோது கைதட்டியவர்கள்தான் பதினெட்டும் கட்டினார்கள். ஆகவே, கணக்குப் பார்க்காத வரிக் குறைப்பும் நமக்கு நண்பன் அல்ல.

ரேஷன் அரிசியால் யாருக்கு நஷ்டம்?

இனி நம் கடைக்கு வருவோம். 1997-ல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று ரேஷனைப் பிரித்தபோது தமிழகம் எல்லார்க்கும் உண்டு என்ற முறையையே வைத்துக்கொண்டது. 3 ரூபாய் 50 காசு அரிசி 2006-ல் 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லை.

அரிசிக் கடைக்காரர் இதனால் இழந்தார் என்பது மெய். அதை மூடி மறைப்பது நேர்மையல்ல. ஆனால் மளிகைக் கடைக்காரரின் கணக்கு வேறு. ஒரு குடும்பம் மாதம் 20 கிலோ ரேஷன் அரிசி வாங்கிச் சமைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சந்தையில் கிலோ 40 ரூபாய் என்றால் 800 ரூபாய் அந்த வீட்டில் மிச்சம். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அந்த 800 ரூபாய் வங்கிக்குப் போவதில்லை. துவரம் பருப்பு, கடலை எண்ணெய், சோப்பு, பிள்ளைக்கு பிஸ்கட் என்று நம் மேசைக்கே வருகிறது. அரிசி மூட்டையில் நமக்குக் கிடைப்பது எவ்வளவு, பருப்பிலும் சோப்பிலும் தேங்காய் எண்ணெயிலும் கிடைப்பது எவ்வளவு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையையும் இப்படியே பார்க்கலாம். மாதம் 1,000 ரூபாய், தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு. எல்லார்க்கும் என்று எதிர்பார்த்திருக்க, வருமானம், நிலம், மின் உபயோகம் என்று அளவுகோல் வைத்ததால் சச்சரவு எழுந்தது நினைவிருக்கும். ஒரு தெருவில் நூறு பேருக்குக் கிடைத்தால் மாதம் 1 லட்சம் ரூபாய் அந்தத் தெருவில் இறங்குகிறது. தொகை வரவான இரண்டாம் நாள் எங்கள் சில்லறைக் கடைக்காரர்கள் கேட்கும் சரக்கைப் பார்த்தாலே அது எங்கே போகிறது என்று தெரியும். இது முழுவதும் நமக்கே லாபம் என்றும் எண்ண வேண்டாம். ஆண்டுக்கு 12,000 கோடிக்கு மேல் ஆகிற செலவு அது. எங்கிருந்தோ வரத்தான் வேண்டும்.

கொடுப்பது வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுகிறோமே தவிர, எப்படிக் கொடுக்கிறார்கள் என்று நாம் பார்ப்பதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பொருளாகக் கொடுத்தால் அரசு டெண்டர் விட்டுப் பெரிய கம்பெனியிடம் வாங்கும். பணமாகக் கொடுத்தால் தெருக்கடைக்கு வரும். 2006 தேர்தலுக்குப் பிறகு வண்ணத் தொலைக்காட்சி, 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. இவற்றை எதிர்த்த வழக்கில், தேர்தல் வாக்குறுதி லஞ்சமாகாது என்றும், தேர்தல் ஆணையம் விதிமுறை வகுக்கட்டும் என்றும் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றத்துக்குப் போகாத ஒரு நியாயம் உண்டு. அந்த ஆண்டுகளில் பஜாரில் மிக்சி விற்றுக்கொண்டிருந்த பாத்திரக்கடைக்காரரின் நியாயம். 2022 பொங்கலுக்கு 21 பொருள்கள் கொண்ட தொகுப்பு கொடுத்தார்கள். பையில் வெல்லம், முந்திரி, ஏலக்காய் எல்லாம் போய்விட்டதால் நம் கடைகளில் பொங்கல் சரக்கு தேங்கியது. பையில் போன வெல்லம் உருகிய புகார் வேறு! மறு ஆண்டு பச்சரிசி, சர்க்கரை, கரும்போடு 1,000 ரூபாய் ரொக்கம். அந்தப் பொங்கல் நமக்கும் பொங்கலாக இருந்தது.

ரேஷன் அரிசிக் கடத்தலையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் எல்லை வழியாக ரயிலிலும் வேனிலும் ஆந்திராவுக்குப் போவதும் பிடிபடுவதும் வழக்கமான செய்தி. மானியம் வீணாகிறது என்று மேடையில் முழங்குகிறோம். அதை வாங்கிப் பாலிஷ் போட்டு வேறு பெயர் மூட்டையில் கட்டி விற்கிறவரும் வியாபாரி என்ற பெயரில்தானே விற்கிறார்? அவரோடு போட்டி போட முடியாமல் நஷ்டப்படுகிறவர் நேர்மையான அரிசிக் கடைக்காரர். சங்கம் முதலில் கண்டிக்க வேண்டியது இதை.

அரசின் பேரேடு

பட்ஜெட் அன்று செய்தித்தாளில் 'பற்றாக்குறை' என்ற சொல்லைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அதில் இரண்டு வகை உண்டு, நம் தொழிலில் உள்ளதே. குடோன் கட்டக் கடன் வாங்குகிறோம். குடோன் நிற்கிறது, வாடகை மிச்சமாகிறது, கடன் அடைகிறது. கடைப்பையன் சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் கடன் வாங்கினால்? அடுத்த மாதமும் வாங்க வேண்டும், அதற்கு மேல் வட்டி. அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாமல் விழுகிற துண்டுதான் வருவாய்ப் பற்றாக்குறை. கட்டடம், பாலம், சாலைக்கு வாங்குவதையும் சேர்த்த மொத்தக் கடன் தேவை நிதிப் பற்றாக்குறை. பின்னது இருப்பதில் குற்றமில்லை. முன்னது ஆண்டுதோறும் இருந்தால் அந்தக் கடை ஒரு நாள் உட்கார்ந்துவிடும்.

2021 ஆகஸ்ட் 9-ல் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வைத்த வெள்ளை அறிக்கை, 2020-21-ம் ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி என்றது. கொரோனா ஆண்டு என்பதால் அதில் ஒரு பகுதியைத் தள்ளிவிடலாம். குடும்பம் ஒன்றுக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றும் ஒரு கணக்குச் சொன்னார்கள். அதைக் கேட்டுப் பலர் திகைத்தார்கள். நான் திகைக்கவில்லை, கடனை மட்டும் சொல்லி, எதிரே உள்ள சொத்தைச் சொல்லாத பேரேடு அது. கடனில் எவ்வளவு குடோனுக்கு, எவ்வளவு சம்பளத்துக்கு என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அறிக்கைக்குப் பிறகு என்ன வந்தது என்று பாருங்கள். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வு. கடைக் கட்டடத்துக்கு வீட்டைவிடக் கூடுதல். செப்டம்பரில் மின் கட்டண உயர்வு, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. இது ஒரு கட்சியின் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 2011-ல் ஜூனில் விலையில்லா அரிசி, செப்டம்பரில் மிக்சி. நவம்பர் 17-ந் தேதி பால் லிட்டருக்கு 6 ரூபாய் 25 காசு உயர்வு, பஸ் கட்டணமும் கூட.

ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநில அரசு தானாக விற்பனை வரி வீதத்தை மாற்ற முடியாது. பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வாகன வரி, மின்சாரம், உள்ளாட்சியின் சொத்து வரி இவைதான் அதன் கையில் மீந்தவை. மத்திய அரசு கொடுத்து வந்த இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றது. எனவே மாநிலம் கையை இறுக்கும்போது அது நமக்கு வரிச் சீட்டாக வராது. லாரி வாடகையாகவும் கரண்ட் பில்லாகவும் கடை வரியாகவும் வரும். டெல்லி இறுக்கினால் வேறு விதம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையில் அடைத்துப் பெயரிட்ட அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் வந்தது. உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை கட்டினார்கள். மூட்டையாக வாங்க வழியுள்ளவர் வரியில்லாமல் வாங்கினார். 5 கிலோ பை வாங்குகிற ஏழை வரியோடு வாங்கினார். 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, நெய் முதலியவற்றின் வரி 5 சதவீதமாகக் குறைந்ததையும் சொல்லத்தான் வேண்டும். வியாபாரம் ஓடட்டும் என்று குறைத்தார்கள். யாருடைய ரேஷனையும் வெட்டிக் குறைக்கவில்லை. நமக்கு வேண்டிய உதாரணம் அதுதான்.

தீர்மானத்தில் என்ன எழுதலாம்

"இலவசங்களை நிறுத்து" என்ற வாசகத்தை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அது நம் வாடிக்கையாளருக்கு எதிராக நாமே போடும் தீர்மானம். நாளை கடையடைப்புக்கு மக்கள் ஆதரவு கேட்டு எந்த முகத்தோடு நிற்போம்? அதற்குப் பதிலாக, உதவிகள் இயன்றவரை பொருளாக இல்லாமல் பணமாகக் கொடுக்கப்பட வேண்டும் என்று கேட்கலாம். பொருளாகக் கொடுத்தே தீர வேண்டியவற்றை அந்தந்த மாவட்டத்து வியாபாரிகளிடம் கொள்முதல் செய்யக் கேட்கலாம். தொடங்குவதானாலும் நிறுத்துவதானாலும் மூன்று மாதம் முன்னறிவிப்பு வேண்டும். அறிவிப்பு வந்த மறுநாள் விலை சரிய, குடோனில் சரக்கோடு உட்கார்ந்திருப்பவர்கள் நாம். ரேஷன் அரிசிக் கடத்தலில் வாங்குகிறவர் மீதும் வழக்கு வேண்டும் என்று நாமே கேட்டால் நம் சொல்லுக்கு மதிப்பு இருக்கும். மின் கட்டணத்தில் சிறு கடைகளுக்குத் தனி வீதம் கேட்பது பல ஆண்டுக் கோரிக்கை. அதை விட வேண்டாம்.

எண்ணோடு எழுத வேண்டும். ஒவ்வொரு உறுப்பினரும் தன் கடையின் இரண்டு ஆண்டு மின் கட்டணம், சொத்து வரி, லாரி வாடகை மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தால் போதும், சேர்த்து ஒரு பட்டியலாக்கிவிடலாம். மாநில பட்ஜெட் வழக்கமாக மாசி, பங்குனியில் வருகிறது. ஆகவே தை பிறக்குமுன் தீர்மானம் கோட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். பட்ஜெட் படித்த பிறகு அனுப்பிய மனுக்கள் எந்தக் கட்டில் கிடக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே.